ஒரு ஜிபி ரேம் இருந்தும் "மெமரி பத்தல": பழைய கேமும் என் பரணும்

கேள்வி | 3 மே 2024

அண்ணா, வீட்ல சும்மா கெடந்த பென்டியம் 4 மெஷின்ல விண்டோஸ் 98 போட்டேன். ரேம் ஒரு ஜிபி. சின்ன வயசுல ஆடுன, விண்டோஸுக்கு முந்தின டாஸ் சிஸ்டத்துக் கேம் எல்லாம் ஓட்டலாம்னு ஆசை. டாஸ் விண்டோ திறந்தா "மெமரி பத்தல, வேற புரோகிராம மூடுங்க"ன்னு வருது. மூட ஒண்ணுமே திறந்து இல்ல. டாஸ்லயே பூட் பண்ணி ஜாஸ் ஜாக்ராபிட் போட்டா ரன்டைம் எரர் 200. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஓடுது, ஆனா சவுண்ட் கார்டு வழியா ஒரு சத்தமும் வரல. பழைய கேமுக்குப் பழைய மெஷின்தான் சரின்னு எல்லாரும் சொன்னாங்களே, அது பொய்யா?

3 மே, ராத்திரி

மெஷின் பழசு இல்ல தம்பி, அதான் பிரச்சனை. பிரின்ஸ் டாஸுக்கு வந்தது 1990. பென்டியம் 4 வந்தது 2000. நடுவுல பத்து வருஷம். பேரனோட பைக்க தாத்தாகிட்ட குடுத்து ஓட்டச் சொல்ற மாதிரி.

மெமரி பத்தலங்கிறது 640 கேபி கதையாத்தான் இருக்கும். டாஸ் கிளம்பும்போது படிக்கிற செட்டிங் ஃபைல் கான்ஃபிக்.சிஸ், அதுல என்ன இருக்குன்னு போடு. எரர் 200ம் மெமரி சம்பந்தமாத்தான் இருக்கணும்.

அவசரம்னா டாஸ்பாக்ஸ் (புது மெஷினுக்குள்ளயே பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்) போட்டுட்டு நிம்மதியா தூங்கு.

4 மே, காலைல

640 கேபின்னா என்னன்னு கேட்டிருக்க. இத விளக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது.

1994ல கோவில்பட்டில ஒரு கம்ப்யூட்டர் சென்டர். மணிக்கு 15 ரூவா. செருப்ப வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள போகணும், ஏசி ரூம். டைப்ரைட்டிங் மாதிரி வேர்ட்ஸ்டார் பழக அனுப்புனாங்க எங்க அப்பா. நான் பழகுனது கான்ஃபிக்.சிஸ்.

டாஸ் எவ்வளவு ரேம் போட்டாலும் மொதல் 640 கேபிலதான் புரோகிராம ஓட்டும். அதுக்கு மேல 1 எம்பி வரைக்கும் வீடியோ கார்டுக்கும், மெஷின் கிளம்புறப்போ மொதல்ல ஓடுற பயாஸுக்கும் ஒதுக்கியாச்சு. இந்த 640லயே டாஸ் கொஞ்சம் உக்காரும், மவுஸ் டிரைவர் கொஞ்சம், சிடி டிரைவர் கொஞ்சம், சிடிய டாஸுக்கு ஒரு டிரைவாக் காட்டுற எம்எஸ்சிடிஎக்ஸ் கொஞ்சம். மிச்சம் 540 இருக்கும். கேம் 600 கேக்கும். 8 எம்பி ரேம் இருக்கிற மெஷின் முன்னாடி உக்காந்து 60 கேபிக்கு அழுவோம்.

அதுக்குத்தான் ஹிமெம்.சிஸ், இஎம்எம்386, டாஸ்=ஹை,யூஎம்பி எல்லாம். டிரைவர்கள 640க்கு மேல இருக்கிற சந்து பொந்துல தூக்கிப் போடுறது. எத மொதல்ல ஏத்துறோம்ங்கிற வரிசைய மாத்துனாலே 20 கேபி மிச்சம் ஆகும். பஸ்ல பெரிய மூட்டைய மொதல்ல ஏத்துனாத்தான் சின்னப் பை இடுக்குல போகும், அதே கணக்கு. மெம் கமாண்ட /சி போட்டு அடிச்சு எவன் எவ்வளவு தின்னுருக்கான்னு பாப்போம். நான் ஒரு தடவ 618 கேபி மிச்சம் புடிச்சேன். பத்தாவது பரிச்ச மார்க் எனக்கு இப்ப ஞாபகம் இல்ல, அந்த 618 ஞாபகம் இருக்கு.

இதுல கூத்து என்னன்னா எல்லா கேமும் ஒரே மாதிரி கேக்காது. விங் கமாண்டருக்கு எக்ஸ்பாண்டட் மெமரி (640க்கு வெளிய இருக்கிற ரேம, இஎம்எம்386 மூலமா கடன் குடுக்குறது) குடுத்தா பைலட்டோட கை காக்பிட்ல ஸ்டிக்க ஆட்டுறது தெரியும், இல்லன்னா கை வராது. அல்டிமா 7 தலகீழ், இஎம்எம்386 இருந்தாலே கிளம்பாது. அது தனக்குன்னு ஒரு மெமரி மேனேஜர் வச்சிருந்துச்சு, பேரே வூடூ. அதனால ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பூட் ஃப்ளாப்பி. டாஸ் 6ல மெனு வந்ததும் ஒரே கான்ஃபிக்.சிஸ்ல நாலு விதமா எழுதி வைக்க முடிஞ்சுது. சென்டர் சார் அந்த மெனுவப் பாத்துட்டு, நான் என்னமோ பெரிய வேலை பண்ணதா நெனச்சு எங்க அப்பாகிட்ட புகழ்ந்தாரு. மெனுல நாலு கேம் பேரு இருந்துச்சு. அவரு அத எல்லாம் சாஃப்ட்வேர்னு நெனச்சிருப்பார் போல.

4 மே, மதியம்

நீ இப்ப போட்டத மறுபடி படிச்சேன். விண்டோஸ் உள்ள இருந்து டாஸ் விண்டோவே *திறக்கல*. கேம் ஓட்டுறதுக்கு முன்னாடியே எரர்.

அப்ப நான் காலைல எழுதுன மொத்தமும் உன் பிரச்சனைக்கு சம்பந்தம் இல்லாதது. இருக்கட்டும், அழிக்க மனசு வரல.

6 மே

கண்டுபுடிச்சாச்சு. உன்கிட்ட மெமரி கம்மி இல்ல. ஜாஸ்தி.

விண்டோஸ் 98ல விகேஷ்னு ஒண்ணு இருக்கு, ஹார்ட் டிஸ்குல படிச்சத ரேம்ல வச்சுக்குற ஆள். பூட் ஆகும்போதே மொத்த ரேம் எவ்வளவுன்னு பாத்துட்டு, "நான் இவ்வளவு பெருசா வளரலாம்"னு அதுக்கேத்த முகவரிகள முன்கூட்டியே துண்டு போட்டு வச்சிரும். ரேம இல்ல, *முகவரிய*. அது துண்டு போடுற இடம் 3 ஜிபிலருந்து 4 ஜிபி வரைக்கும் உள்ள பகுதி. டாஸ் விண்டோ திறக்கவும் அதே பகுதிலதான் இடம் வேணும். ஏஜிபி கிராஃபிக்ஸ் கார்டும் அங்கதான் இடம் கேக்கும். ரேம் 512 எம்பிக்கு மேல போனா விகேஷ் கிட்டத்தட்ட பந்தி முழுக்க எல போட்டு உக்காந்துரும். பின்னாடி வர்றவனுக்கு எல இல்ல. அடுப்படில சோறு பொங்கி வழியுது, ஆனா சாப்பாடு இல்லன்னு சொல்றாங்க.

செய்ய வேண்டியது: சிஸ்டம்.ஐஎன்ஐ ஃபைல நோட்பேட்ல திற. விகேஷ்னு சதுர அடைப்புக்குள்ள ஒரு தலைப்பு இருக்கும். அதுக்குக் கீழ மேக்ஸ்ஃபைல்கேஷ்=262144 னு ஒரு வரி. கணக்கு கேபில, அதாவது 256 எம்பி. சேவ் பண்ணி ரீஸ்டார்ட். அப்பவும் மொரண்டு புடிச்சா ஒரு ரேம் குச்சியக் கழட்டி 512ல வை. கழட்டுன குச்சிய அந்த மெஷின் தேடாது, 98க்கு 512 ஏகம்.

"ரேம் கூட்டுனா எல்லாம் சரியாகும்"னு 20 வருஷமா ஊருக்கு அட்வைஸ் பண்ண ஆளு நான்.

7 மே

டாஸ் விண்டோ திறந்துருச்சுன்னு எழுதிருக்க. நல்லது. இப்ப எரர் 200.

3ஆம் தேதி இதையும் மெமரின்னு சொன்னேன். தப்பு. 98 வாக்குல ஒரு நண்பன் வீட்டு புது பென்டியம் 2ல இதே எரர் வந்தப்போ "வைரஸ்"னு சொல்லி மூணு நாள் ஃபார்மட் பண்ணிக்கிட்டே இருந்தோம். அந்தக் காலத்துல எல்லாமே வைரஸ்தான். ஃப்ளாப்பி படிக்கலன்னா வைரஸ், மானிட்டர் ஆஃப் ஆனா வைரஸ். நண்பனோட அம்மா "அந்தப் பொட்டியத் தொட்ட கையோட சாப்பிடாதீங்க"ன்னு சொன்னாங்க.

விஷயம் இதுதான். ஜாஸ் ஜாக்ராபிட் 1994ல வந்தது, எழுதுனது டர்போ பாஸ்கல்ல. டர்போ பாஸ்கல்ல திரை, கீபோர்டு வேலைக்கெல்லாம் சிஆர்டின்னு ஒரு யூனிட் இருக்கும். அதுல டிலேன்னு ஒரு கமாண்டு, இத்தன மில்லிசெகண்ட் சும்மா இருன்னு சொல்ல. கம்ப்யூட்டருக்கு மில்லிசெகண்டுன்னா எவ்வளவு நேரம்னு எப்படித் தெரியும்? புரோகிராம் கிளம்புன உடனே தன்னையே சோதிச்சுப் பாக்கும். பிசி டைமர் ஒரு செகண்டுக்கு 18.2 தடவ துடிக்கும், ஒரு துடிப்பு 55 மில்லிசெகண்ட். அந்த ஒரு துடிப்புக்குள்ள வெறும் சுத்து எத்தன சுத்த முடியுதுன்னு எண்ணும். அத 55ஆல வகுத்தா ஒரு மில்லிசெகண்டுக்கு இத்தன சுத்துன்னு வரும். அழகான யோசன.

அந்த ஈவு உக்காரப் போறது 16 பிட் இடத்துல. அதிகபட்சம் 65,535. அப்ப 55 மில்லிசெகண்டுல சுமார் 36 லட்சம் சுத்துக்கு மேல போனா ஈவு அந்த இடத்துக்குள்ள அடங்காது. பிராசசர் என்ன பண்ணும்? ஈவு அடங்கலன்னாலும், பூஜ்யத்தால வகுத்தாலும், ரெண்டுக்கும் ஒரே மணிதான் அடிக்கும். டர்போ பாஸ்கல் அந்த மணியக் கேட்டுட்டு "பூஜ்யத்தால வகுத்துட்டான்"னு 200ஆம் நம்பர் எரர் போட்டு வெளிய போயிரும். பூஜ்யம் எங்கயுமே இல்ல. மெஷின் வேகமா இருந்ததுதான் குத்தம். சுமார் 200 மெகாஹெர்ட்ஸ் தாண்டுன பென்டியம் 2லயே இது வர ஆரம்பிச்சிரும். உன்னோடது அத மாதிரி பத்து மடங்கு.

எழுதுனவன் சோம்பேறி இல்ல. மெஷின் வேகம் மாறும்னு தெரிஞ்சுதான் அளந்து பாக்குற கோடு எழுதிருக்கான். அளக்குற மரக்கா சின்னதா போச்சு, அவ்வளவுதான்.

இதுக்குன்னு பேட்ச் புரோகிராம் இருக்கு, எக்ஸி ஃபைல்ல அந்த வகுத்தல் வர்ற இடத்தத் திருத்தி வைக்கும். மொதல்ல காப்பி எடுத்து வச்சுட்டு காப்பிய பேட்ச் பண்ணு. ஒரிஜினல்ல கை வைக்காத. இல்ல டாஸ்பாக்ஸ்லதான் ஆடப் போறன்னா சைக்கிள்ஸ (அதோட வேக செட்டிங்) மேக்ஸ்ல வைக்காம 20,000 கிட்ட நிறுத்து, எரரே வராது.

7 மே, கொஞ்ச நேரம் கழிச்சு

இதே வியாதி விண்டோஸ் 95க்கும் உண்டு. ஏஎம்டி கே6-2 சிப் 350 மெகாஹெர்ட்ஸும் அதுக்கு மேலயும் வந்தப்போ 95 பூட் ஆகும்போதே "விண்டோஸ் புரொடெக்ஷன் எரர்"னு விழுந்துச்சு. அங்கயும் நேரம் அளக்குற சுத்து, வகுத்தல். கோடு எழுதுற அத்தன பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சிருப்பாங்க போல.

9 மே

வேகம்னு பேச்சு வந்ததால: டிக்கர். 1983. ஐபிஎம்மோட மொத பிசிக்கு, 4.77 மெகாஹெர்ட்ஸுக்கு எழுதுன கேம். கேமுக்குள்ள கடிகாரமே பாக்காது. மெஷின் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம். நாங்க 386ல போட்டா அந்த வண்டி நகர்றதுக்குள்ள பேய் வந்து தின்னுட்டுப் போயிரும். அது கேம்னே தெரியாது, ஸ்கிரீன் சிமிட்டுற மாதிரி இருக்கும். 1998ல ஒருத்தர் அத சரியான வேகத்துல மறுபடி எழுதி விட்டாரு, டிக்கர் ரீமாஸ்டர்டுன்னு. அது வந்தப்புறம்தான் அந்தக் கேம்ல மூட்டைய பேய் தலைல தள்ளி விடலாம்னே எனக்குத் தெரியும்.

ஆலி கேட் 1984. அதுவும் அதே கால மெஷினுக்குத்தான். அத இன்னிக்கு மெஷின்ல போட்டாலும் பூனை அதே வேகத்துலதான் குப்பத்தொட்டி மேல குதிக்கும். எழுதுனவரு நேரத்த டைமர்கிட்ட கேட்டு எழுதிருக்காரு. ஒரே தலைமுறைல ரெண்டு பேரு, ஒருத்தர் நாளைக்கு வேற மெஷின் வரும்னு யோசிச்சிருக்காரு.

அதுக்குத்தான் அந்தக் காலத்துல பெட்டி முன்னாடி டர்போ பட்டன் வச்சாங்க. அமுக்குனா கேம் ஸ்பீடு எடுக்கும்.

10 மே

டர்போ பட்டன் விஷயத்துல ரெண்டு பேரு என்னைத் திட்டிருக்காங்க. சரியாத்தான் திட்டிருக்காங்க. பட்டன் வேகமாக்க இல்ல, *மெதுவாக்க*. மெஷின் சும்மா இருந்தாலே முழு வேகம்தான். டர்போவ எடுத்து விட்டா பழைய கேம் ஆடுற அளவுக்கு வேகம் இறங்கும். "மந்தம்"னு பட்டனுக்குப் பேரு வச்சா எவன் வாங்குவான்? அதான் தலகீழாப் பேரு வச்சிட்டாங்க.

அந்தப் பெட்டி முன்னாடி செவப்பா 66னு எரியும்ல? அது வேகத்த அளக்காது. பின்னாடி ஜம்பர் (பின்னுல மாட்டுற குட்டிக் குப்பி) இருக்கும், எந்தக் கோடு எரியணும்னு நாமளே குத்தி வைக்கிறது. சென்டர்ல ஒரு மெஷின் 99னு எரியும், உள்ள இருந்தது 33. அந்த மெஷினுக்குத்தான் க்யூ நிக்கும்.

12 மே, ஞாயிறு

உன்னால நான் பரண் ஏறிட்டேன். 96ல வாங்குன செகண்ட் ஹேண்ட் 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ். ரெண்டு பித்தளை அண்டாவுக்கும் ஒரு ஒடஞ்ச கொலுப்படிக்கும் நடுவுல இருந்துச்சு. வீட்டுக்காரி கீழ ஸ்டூலப் புடிச்சுக்கிட்டே "அதுக்குப் பதிலா அண்டாவ இறக்குங்க, அடுத்த மாசம் வேணும்"ன்னா. ரெண்டையும் இறக்குனேன்.

திறந்தேன். எஸ்எம்பிஎஸ்ல, அதான் கரண்டு குடுக்குற பெட்டில, பல்லி முட்டை ஒம்போது. எண்ணிப் பாத்தேன். ஃபேன் இறக்கைல ஒட்டி, காஞ்சு, சுண்ணாம்புக் குண்டு மாதிரி. கேபிள் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா போர்டு மூலைல கீபோர்டு சாக்கெட் பக்கத்துல ஒரு பீப்பா மாதிரி நீல பேட்டரி இருக்கும், நிக்கல் காட்மியம். தேதியும் பயாஸ் செட்டிங்கும் மறக்காம இருக்க. அது கசிஞ்சு சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு பச்சை. கிணத்துப்படிப் பாசி மாதிரி. அதுக்கு அடியில செம்புக் கோடு எது இருக்கு, எது அரிச்சுப் போச்சுன்னு லென்ஸ் வச்சுத்தான் பாக்கணும்.

பழைய 386, 486 வச்சிருக்கிற எல்லாருக்கும்: *இன்னிக்கே* திறந்து அந்தப் பேட்டரிய வெட்டி எடுங்க. மெஷின ஓட்டாட்டியும் பரவால்ல. சும்மா இருக்கும்போதுதான் அது போர்ட தின்னும். தம்பி, உன் பென்டியம் 4ல காசு மாதிரி சிஆர்2032 இருக்கும், அது இப்படி அழிக்காது. வாட்ச் கடைல கெடைக்கும்.

பேட்டரி கசிவு காரம். புளிப்பு போட்டாத்தான் அடங்கும். எலுமிச்சம்பழம் புழிஞ்சு பழைய டூத்பிரஷால தேச்சேன். நுரை வந்துச்சு.

13 மே

எலுமிச்சம்பழம் வேண்டாம். காலைல பாத்தா போர்டு மேல எறும்பு வரிசை. சக்கையும் பிசுபிசுப்பும் ஐசி கால் இடுக்குல போய் உக்காந்துருச்சு. வெள்ளை வினிகர்தான் சரி, அதுக்கப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஊத்திக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காய விடணும். நான் நேத்து எழுதுனதப் பாத்து யாராச்சும் எலுமிச்சம்பழம் புழிஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்க.

18 மே

ஏறிருச்சு! ரெண்டு கோடு அரிச்சுப் போயிருந்துச்சு, மெல்லிசு வயர் வச்சு சால்டர் பண்ணேன். மொத தடவ ஆன் பண்ணப்போ டிஸ்ப்ளே இல்ல. வீடியோ கார்ட கழட்டி அதோட தங்கக் காலை ரப்பரால அழிச்சு மாட்டுனேன். மெமரி எண்ண ஆரம்பிச்சுது. டக் டக் டக்குனு. அந்தச் சத்தத்துக்கு எங்க பொண்ணு ரூம்ல இருந்து எட்டிப் பாத்து "ப்ரிண்டரா?"ன்னா.

ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. அதுக்குப் பதிலா காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு, ஹார்ட் டிஸ்க் கேபிள்ல சொருகுற ஐடிஇ அடாப்டர்ல மாட்டி. கேமராவுக்குப் போடுற அதே கார்டு. சென்னைல ரிச்சி தெருவுக்குப் போன ஒருத்தர்கிட்ட சொல்லி வாங்குனது. 4 ஜிபி கார்டு. பயாஸ் பாத்துட்டு 504 எம்பின்னுச்சு. சந்தோஷம்தான். பழைய பயாஸுக்கு 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், ஒரு செக்டருக்கு 512 பைட், அதுக்கு மேல எண்ணத் தெரியாது. பெருக்கிப் பாருங்க, 52 கோடியே 84 லட்சம் பைட்டு. சாஃப்ட்வேர் போட்டு ஏமாத்தலாம், ஆனா எங்கிட்ட இருக்கிற டாஸ் கேம் எல்லாம் சேத்தே 200 எம்பி தாண்டாது. மிச்ச மூணரை ஜிபி சும்மா தூங்கட்டும்.

பழைய ஃப்ளாப்பி 30 இருந்துச்சு. 22ல வெள்ளை வெள்ளையா பூஞ்சை. தூத்துக்குடிக் காத்து. பூஞ்சை புடிச்சத டிரைவ்ல போடாதீங்க, ஹெட்டுல ஒட்டி அடுத்து போடுற நல்ல ஃப்ளாப்பியையும் கீறிரும். இதுவும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். "அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?" ஆர் அடிச்சேன். ஆர் அடிச்சேன். பதினோரு தடவ.

20 மே

சவுண்டு. தம்பி மொத நாளே கேட்டான், இப்பத்தான் வர்றேன்.

உன் போர்ட்ல சவுண்ட் போர்டோடயே வந்தது. டாஸ் கேம் அத நேராத் தேடாது. அது தேடுறது சவுண்ட் பிளாஸ்டர, 220ங்கிற முகவரில. அந்த வீட்ல ஆளே இல்ல. விண்டோஸ் 98 உள்ள டிரைவர் சரியாப் போட்டிருந்தா அது அந்த வீட்ல ஒரு டம்மி ஆள உக்கார வைக்கும், அதனால டாஸ் *விண்டோ*ல சத்தம் வரும், சுத்த டாஸ்ல வராது. இப்ப விண்டோ திறக்குதுல்ல, அதுலயே ஆடிப் பாரு.

என் 486ல ஸ்லாட்ல தனியா மாட்டுற நெஜ ஐஎஸ்ஏ சவுண்ட் கார்டு. அதுக்கு, டாஸ் கிளம்பும்போது ஓட்டுற ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைல்ல ஒரு வரி, செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1 எச்5 டி6. ஏ முகவரி, ஐ இன்டரப்ட் நம்பர் (கார்டு மெஷினக் கூப்பிடுற மணி), டி டிஎம்ஏ (பிராசசரத் தொடாம ரேம்ல இருந்து கார்டுக்குச் சத்தம் போற வழி), எச் 16 பிட் டிஎம்ஏ, கடைசி டி கார்டு வகை. (தமிழ்ல எழுதுனா ரெண்டு டியும் ஒண்ணாத் தெரியுது. முன்னாடி வர்றது டாட்டுக்கு வர்ற டி, பின்னாடி வர்றது டேபிளுக்கு வர்ற டி. இப்பவும் ஒண்ணாத்தான் இருக்கு, விடுங்க. 1ன்னு இருக்கிறது டிஎம்ஏ, 6ன்னு இருக்கிறது வகை.)

எனக்கு என்ன ஆச்சுன்னா, "ஹே" னு ஒரு சத்தம் வரணும். "ஹே ஹே ஹே ஹே ஹே"ன்னு நிக்காம வந்துச்சு, அப்புறம் மெஷின் உறைஞ்சுது. இந்த அறிகுறிய ஞாபகம் வச்சுக்கங்க. மொத துண்டு வந்து அதுவே திரும்பத் திரும்ப வந்தா டிஎம்ஏ சரி, *இன்டரப்ட்* தப்பு. கார்டு "முடிச்சுட்டேன், அடுத்தது குடு"ன்னு கூப்பிடுது, கேம் வேற கதவுல காத வச்சு நிக்குது. என் கார்டுல ஜம்பர் 7ல இருந்துச்சு. 7 பிரிண்டர் போர்ட்டோட நம்பர். 5க்கு மாத்துனதும் ஒரே ஒரு "ஹே".

21 மே

கொஞ்சம் விலகிப் போறேன். விண்டோஸோட வந்த அந்தப் பின்பால், ஸ்பேஸ் கேடட், ஏன் விஸ்டால காணாமப் போச்சுன்னு ஒருத்தர் கேட்டாரு. மைக்ரோசாஃப்ட் புரோகிராமர் ரேமண்ட் சென் எழுதிருக்காரு: 64 பிட்டுக்கு மாத்துனப்போ பந்து பலகைல மோதாம ஊடுருவிக் கீழ விழுந்துச்சாம். எங்க தப்புன்னு கண்டுபுடிக்க முடியாம தூக்கிட்டாங்க. அதே கேம்ல முன்னாடி இன்னொரு கூத்து. எவ்வளவு வேகமா வரைய முடியுமோ அவ்வளவு வேகமா வரைஞ்சுக்கிட்டே இருக்கும், வேகமான மெஷின்ல பிராசசர் மொத்தத்தையும் தின்னும். செகண்டுக்கு 100 படம் போதும்னு அவருதான் கடிவாளம் போட்டாரு. பாத்தியா, மறுபடி நேரம், மறுபடி வேகம்.

பந்து விடுறதுக்கு முன்னாடி "ஹிட்டன் டெஸ்ட்"னு டைப் பண்ணா பந்த மவுஸால இழுத்துக்கிட்டுப் போகலாம். பேங்குல வேலை பாத்த எங்க மாமா இத வச்சு ஸ்கோர் ஏத்தி ஆபீஸ்ல ராஜாவா இருந்தாரு.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ல விண்டோஸ் 7ல தண்ணி செவப்பாவும் புல்லு ஊதாவாவும் தெரியுதுன்னு இன்னொருத்தர். அந்த கேம் 256 கலர் தட்டு வச்சு வரையும். எக்ஸ்ப்ளோரர் நடுவுல புகுந்து தட்டுல இருக்கிற கலர மாத்திரும். டாஸ்க் மேனேஜர்ல எக்ஸ்ப்ளோரர முடிச்சுட்டு ஆடுங்க, ஆடி முடிச்சதும் மறுபடி கிளப்பிக்கலாம்.

25 மே

"டாஸ்பாக்ஸ்ல ஆடுறது ஏமாத்து, நெஜ மெஷின்ல ஆடுனாத்தான் ஆட்டம்"னு ஒருத்தர் அடிச்சுப் பேசிருக்காரு. பத்து நாள் முன்னாடின்னா நானும் தலையாட்டிருப்பேன், வினிகர் வாசம் கைல இருந்துச்சு.

இல்லைங்க. டாஸ்பாக்ஸ் என்ன பண்ணுது? சைக்கிள்ஸ 300 கிட்ட வச்சா ஏறத்தாழ அந்த மொத பிசி. அதுல டிக்கர் ஒரிஜினல் போடுங்க, வண்டி வண்டியா நகரும். கண்ட்ரோல் எஃப்12 அடிச்சா வேகம் ஏறும், எஃப்11 அடிச்சா இறங்கும். எங்க 486ல அந்த வசதி ஒரு பட்டன், ரெண்டே நெலை. 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் புரோகிராம் நேரா ஓடவே ஓடாது, அதுக்கான அடுக்கே கெடையாது. அதனால லேப்டாப் வச்சிருக்கிற புள்ளைங்களுக்கு இதுதான் வழி. ஏமாத்துன்னா எத ஏமாத்துது? கேம. கேம் சந்தோஷமா ஏமாறுது.

486ல ஆடுறப்போ கெடைக்கிறது வேற. மானிட்டர் ஆன் பண்ணும்போது கை முடி எந்திரிக்குதே, அது. அதுக்காக ஒருத்தர பரண் ஏறச் சொல்ல மாட்டேன்.

26 மே

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா எழுதுன ஜோர்டன் மெக்னரும் பரண் கேஸ்தான். ஆப்பிள் 2ல 1989ல எழுதுனது. தன்னோட கூடப்பொறந்த தம்பிய ஓட விட்டு, குதிக்க விட்டு வீடியோ எடுத்து, ஒவ்வொரு படமா வரைஞ்சு அந்த நடைய கொண்டு வந்தாரு. சோர்ஸ் கோடு தொலைஞ்சுதுன்னு வருஷக்கணக்கா இருந்துட்டு, 2012ல அவங்க அப்பா வீட்ல கண்டெடுத்து அனுப்புன ஒரு பெட்டிக்குள்ள அந்த ஃப்ளாப்பி இருந்துச்சு. அதுல இருந்து படிச்சு எடுத்து வெளியிட்டாங்க. அவருக்கு 22 பூஞ்சை புடிச்சிருக்காது.

நான் இப்ப போட்டிருக்கிறது ஒரு நண்பர் வெளிநாட்ல இருந்து கொண்டு வந்த ஒரிஜினல் காப்பி. மொத லெவல் முடிச்சேன். ஒரு அறை. தரை முழுக்க மருந்துக் குப்பி, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு எழுத்து. கையேட்ல இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது வார்த்தையோட மொத எழுத்து எதுவோ அத குடிங்குது.

முப்பது வருஷமா இந்தக் கேம் ஆடுறேன். இந்த அறைய நான் பாத்ததே இல்ல. சென்டர்ல இருந்த காப்பில யாரோ இத வெட்டிட்டு, நேரா ரெண்டாவது லெவலுக்கு வழி போட்டிருக்காங்க. கையேடு இல்லாம குத்துமதிப்பா ஒண்ணக் குடிச்சேன். செத்தேன்.

27 மே

கையேடு கெடைச்சுது. நண்பர் ஃபோன்ல பக்கம் பக்கமா படம் எடுத்து அனுப்புனாரு. அதுல ஒரு பக்கம் அவரு கட்டைவிரல். கேம் கேட்டது அந்தப் பக்கம்தான்.

1 ஜூன்

தம்பிக்கு ஜாஸ் பேட்ச் பண்ணி ஓடுது, விண்டோக்குள்ள சத்தமும் வருதுன்னு போட்டிருக்கான். நான் நேத்து ராத்திரி 486ல உக்காந்தேன். லைட்ட அணைச்சுட்டு. பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்தா, "இவன் ஏன் விளிம்புல தொங்குறான், ஏறச் சொல்லுங்க"ன்னு. மூணாவது லெவல் எலும்புக்கூட்ட குழில தள்ளுனேன். நாலாவதுல கண்ணாடிக்குள்ள பாய்ஞ்சப்போ நிழல் ஆள் மறுபக்கம் ஓடுனதப் பாத்து அவ "ஏ"ன்னா. ஏழாவது லெவல் வந்துட்டேன், 60ல இன்னும் 33 நிமிஷம் மிச்சம். என் வாழ்நாள் சாதனை.

மூணாவது லெவல்ல இருந்து கண்ட்ரோல் ஜி அடிச்சா சேவ் ஆகும். எனக்கு நல்லாத் தெரியும். இங்க ரெண்டு பேருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்.

கரண்டு போச்சு.